குருவி பார்த்த கோட்டை

மொன்ட்ரியால்
12.01.2003

அன்புள்ள மச்சாள் செல்வமலருக்கு,

அருமைராசா எழுதிக்கொள்வது. எனக்கும் றோசாவுக்கும் உடம்பில் ஒரு குறையுமில்லை. குறையெல்லாம் உங்கட வாயில்தான் என்று பக்கத்தில் இருந்து றோசா சொல்கிறாள். நீரும் பிள்ளை அனோஜினியும் சுகமாய் இருப்பீர்கள். சுகமில்லை என்று எழுதினாலும் நம்பமாட்டேன். குருநகர் மீன் தின்கிற ஆட்களுக்கு என்ன வருத்தம் வரப்போகிறது?

நத்தாருக்கு நீர் அனுப்பின வாழ்த்துக் காட் கிடைத்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு சொல் இல்லை, வெறும் கையெழுத்து. ஏன் மச்சாள், பேனை மையும் அங்கே கூப்பனுக்கு அளந்துதான் தருகிறார்களோ? சமாதானம் வந்து ஒரு வருசமாகப் போகிறது. இனியாவது ரெண்டு வரி கூட்டி எழுதும்.

இங்கே குளிர். நேற்று மீசையில் மூச்சு உறைந்துபோய், பஸ்ஸுக்குள் ஏறினதும் உருகி வடிந்தது. பக்கத்தில் இருந்த பெட்டை நான் அழுகிறேன் என்று நினைத்துத் துடைக்கிற கடதாசி நீட்டினாள். நானும் முகத்தைச் சோகமாய் வைத்துக்கொண்டு வாங்கினேன். 'மேர்சி' என்று சொன்னேன். பதினொரு வருசத்தில் நான் படித்த பிரெஞ்சு அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகு காட்டினவனுக்கு அது காணும்.

புது வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. கோப்பை கழுவின கடையை மூடிவிட்டார்கள். இப்போது பழைய படங்கள் சேர்த்து வைத்திருக்கிற ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை. நாங்கள் இருக்கிற கோட்-டெ-நெய்ஜில் இருந்து ஒரு பஸ், பிறகு ஒரு மெத்ரோ. அங்கே ஒரு அறை இருக்கிறது, அதற்குள் வாளி கொண்டுபோகக் கூடாது. ஈரம் பட்டால் படங்கள் பழுதாகுமாம். உலர்ந்த துணியால்தான் நிலம் துடைக்க வேண்டும். கடலுக்குள் பிறந்தவனைக் கூப்பிட்டுத் தண்ணி தொடாதே என்று சொல்கிறார்கள்!

அங்கே இருக்கிறதெல்லாம் முந்நூறு நானூறு வருசப் படங்கள். செப்புத் தகட்டில் ஊசியால் வெட்டி, மை பூசித் துடைத்து, கடதாசியை வைத்து அழுத்தி எடுப்பதாம். அந்த அறைக்குப் பொறுப்பான மடாம் ஜெனவியேவ் சொன்னாள். பெட்டி பெட்டியாய்க் கிடக்கிறது. எதைத் திறந்தாலும் சண்டை. நட்சத்திரம் மாதிரி மதில் கட்டின பட்டணங்கள், சுற்றிவரப் பீரங்கி, புகை, குதிரை, தலையில்லாத மனிதர். சண்டை பிடித்தவன் ஒருத்தன், அதைக் கீறினவன் ஒருத்தன், நானூறு வருசம் கழித்துத் தூசு தட்டுகிறவன் குருநகரான்.

உம்மட மனுசன் எமிலியைப் பற்றிச் செஞ்சிலுவைக்காரர் இந்த முறையும் ஒன்றும் சொல்லவில்லையா? கேட்டுக்கொண்டிரும். பாதை திறந்திருக்கிறது, ஆட்கள் வருகிறார்கள். அவனும் ஒரு நாளைக்கு வந்து வாசலில் நின்று, 'என்னடி, இன்னும் சோறு வடிக்கேல்லையோ?' என்று கேட்பான்.

பிள்ளைக்கு மாமாவின் முத்தம்.

அன்பு மச்சான்
அருமைராசா


குருநகர், யாழ்ப்பாணம்
04.02.2003

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மை இங்கே தாராளமாய்க் கிடைக்கிறது. நீங்கள் எழுதுவதை எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்கவே எனக்கு நாலு நாள் போகிறது, நான் எழுத நேரம் எங்கே? 'செஞ்சிலுவை'யை ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு விதமாய் எழுதுகிறீர்கள். றோசா அக்காவைக் கொண்டு ஒருக்கால் பார்ப்பித்துப் போட்டு அனுப்பக்கூடாதா?

நல்ல செய்தி ஒன்று. அனோஜினிக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது. மாப்பிள்ளை பாஷையூர். அன்டன் என்று பேர். கடற்றொழிற் சங்கத்தில் வேலை. அதிகம் கதைக்காத பெடியன். உங்களுக்கு நேர் எதிர். பாஸ்காத் திருநாள் முடியவிட்டுக் கோயிலில் ஓலை வாசித்து, யூன் ஒன்பதாந்திகதி திங்கட்கிழமை கலியாணம் என்று சுவாமியார் சொல்லியிருக்கிறார்.

இனித்தான் விசயம். போன கிழமை கலியாணக் காட் அடிக்கக் கேட்க அச்சகத்துக்குப் போனேன். அங்கே அச்சடிக்கிற இரவிச்சந்திரன், பேரெல்லாம் எழுதிக்கொண்டு வந்து தகப்பன் பேரில் நிறுத்திவிட்டார்.

"அக்கா, எமிலியானுஸ் எண்டதுக்கு முன்னாலை 'காலஞ்சென்ற' போடுறதோ, விடுறதோ?"

"பேந்து சொல்லுறன் தம்பி" என்றுவிட்டு வந்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாய் வீட்டுக்கே வந்து கேட்டா. கோபமாய் இல்லை, நல்ல விதமாய்த்தான் கேட்டா. "இருக்கிறார் எண்டால் பன்னிரண்டு வருசமாய் ஏன் ஒரு துண்டு எழுதேல்லை? இல்லை, எங்கையும் இன்னொரு குடும்பமோ? சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது? இல்லையெண்டால் இல்லையெண்டு போட்டுவிடுங்கோவன்."

மச்சான், போட்டால் நானே என் கையால் அவரைச் சாகடித்த மாதிரி. அச்சில் வந்தால் வந்ததுதான், முந்நூறு வீட்டுக்குப் போகும். போடாமல் விட்டால் உயிரோடு இருந்தும் மகளின் கலியாணத்துக்கு வராத தகப்பன் என்று அவரைச் சொல்வார்கள். எதைப் பிள்ளையின் தலையில் வைக்கிறது?

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். கொமினிகேசன் கடையில் நாலு பேர் காதை நீட்டிக்கொண்டு நிற்கையில் இதைக் கேட்க முடியாது. அவரைக் கடைசியாய்க் கண்டது நீங்கள் ஒருவர்தான். நேவிக்காரர் உயிரோடு பிடித்து, தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு போனதை உங்கள் கண்ணால் கண்டீர்கள். அந்தச் சொல்லை வைத்துத்தான் இவ்வளவு காலமும் இருக்கிறேன். இன்னொருமுறை உங்கள் கையால் எழுதுங்கள். நீங்கள் எழுதுகிறபடி அடிப்பேன். பாஸ்காவுக்கு அடுத்த கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு
செல்வமலர்


மொன்ட்ரியால்
25.02.2003

அன்புள்ள மச்சாளுக்கு, இனிமேல் சம்மந்தியம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக் கிழவன் தும்புத்தடியால் கூரையில் இடித்தான். எங்கள் மூக்குச்சளி அனோஜினிக்குக் கலியாணமோ! அதிகம் கதைக்காத பெடியன் என்று எழுதியிருக்கிறீர். பாவம், உமக்கு மருமகனாய் வருகிறவன் கதைக்க இடம் எங்கே கிடைக்கப்போகிறது?

நீர் கேட்டதற்கு மறுமொழி: போடவேண்டாம். ஏன் போட வேண்டும்? நான் கண்டதை எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். வள்ளத்துக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு பார்த்தேன். அவன் தன் காலால்தான் நடந்து போட்டில் ஏறினான். ஏறும்போது கையை ஒருதரம் உயர்த்தினான். அப்படிப் போனவனைக் காலஞ்சென்றவன் என்று எப்படி அடிக்கிறது? மாப்பிள்ளையின் தாயிடம் சொல்லும், கனடாவில் ஒரு சாட்சி இருக்கிறான், வேண்டுமென்றால் அந்தோனியார்மேல் சத்தியம் பண்ணுவான் என்று.

இனி ஒரு புதினம் சொல்கிறேன், கேளும். போன கிழமை மடாம் ஜெனவியேவ் மேசையில் படங்களைப் பரப்பி வைத்திருந்தாள். நான் உலர்ந்த துணியோடு அந்தப் பக்கம் போனேன். ஒரு நீட்டுப் படம். மேலே பட்டுத்துணி விரித்த மாதிரிக் கீறி, அதற்குள் எழுத்து. இங்கிலீசு எழுத்தை பஸ் பலகையில் பார்த்துப் பழகினவன்தானே நான், ஒவ்வொன்றாய்க் கூட்டினேன். ஜே, ஏ, எவ், எவ், என், ஏ. யாழ்ப்பாணம் மச்சாள், எங்கள் கோட்டை! ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரிடம் பிடித்த சண்டை. சுற்றிவரக் கப்பல். புகை பஞ்சுப்பொதி மாதிரி.

நெஞ்சில் தட்டி, "மடாம், இது என்ர ஊர்" என்றேன். அவள் சிரித்தாள். "ஆனால் பிழை" என்றேன். சிரிப்பை நிறுத்தினாள். கடலில் நின்று பார்த்தால் தீவுகள் இடக்கைப் பக்கம்தானே வரவேண்டும்? அதில் வலக்கைப் பக்கம் கிடக்கிறது. குருநகர் இருக்க வேண்டிய இடத்தில் மண்டைதீவு! தெரிந்த நாலு சொல்லாலும் ரெண்டு கையாலும் விளங்கப்படுத்தினேன். அவள் கைப்பைக்குள்ளிருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துப் படத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணாடிக்குள் எங்கள் ஊர் சரியாய் வந்து நின்றது.

இதைச் செப்பில் வெட்டினவன் யாழ்ப்பாணம் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லையாம். ஒல்லாந்தில் குந்தியிருந்து, வேறு யாரோ அச்சடித்த படத்தைப் பார்த்து அப்படியே வெட்டியிருக்கிறான். எழுத்தை மட்டும் திருப்பி வெட்டிவிட்டு, தகட்டில் படத்தை நேரே வெட்டினால் கடதாசியில் இடம் வலமாகும் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். மடாம் அன்று முழுக்க என்னை 'புரொபெசர்' என்று கூப்பிட்டாள். வாளி தொடாத புரொபெசர்!

படம் என்ன மாதிரியென்றால், குருவி மேலே நின்று பார்க்கிற மாதிரி. மதிலுக்கு இந்தப் பக்கத்தில் பீரங்கிக்காரன் நிற்கிறான், அந்தப் பக்கத்தில் ஒருத்தி கிணற்றில் தண்ணி அள்ளுகிறாள். ரெண்டும் ஒன்றாய்த் தெரிகிறது. ஒவ்வொரு இடத்திலும் சின்னதாய் ஒரு எழுத்துப் போட்டு, அடியில் இது இன்ன இடம், இங்கே இன்னது நடந்தது என்று எழுதியிருக்கிறான்.

அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. மடாம் ஒரு பிரதி எடுத்துத் தந்தாள். அதைப் புறமாய்த் திருப்பி யன்னல் கண்ணாடியில் வைத்துப் பென்சிலால் ஊரைச் சரியாய்க் கீறினேன். பிறகு நானும் அவனைப் போல எழுத்துப் போட்டேன். எங்கள் சண்டைக்கு ஒரு படம் வேண்டாமா? இதோடு வைத்து அனுப்புகிறேன்.

அ – கோட்டைக்குக் குருநகர்ப் பக்கக் கரை. கவிழ்த்த வள்ளத்துக்குப் பின்னால் நான்.
ஆ – கோட்டைக்கு அங்கால், பண்ணைப் பக்கம். எமிலி வலை பார்க்கப் போன இடம்.
இ – அதே பண்ணைப் பக்கம், நேவிக்காரரின் போட் வந்து நின்ற இடம்.
ஈ – அவனை ஏற்றிக்கொண்டு மண்டைதீவுக்குப் போன வழி.

மாப்பிள்ளையின் தாய்க்கு இதையே காட்டும். றோசா பார்த்துவிட்டு, "இந்த மனுசன் படம் கீற வெளிக்கிட்டாச்சு, இனி வீடு துடைக்க வேறை ஆள் பார்க்கவேணும்" என்கிறாள்.

அன்பு மச்சான்
புரொபெசர் அருமைராசா


குருநகர்
20.03.2003

மச்சானுக்கு,

கடிதமும் படமும் வந்தன. நன்றாய்க் கீறியிருக்கிறீர்கள். கோயிலை மட்டும் மறந்துவிட்டீர்கள். முந்நூறு வருசத்துக்கு முந்திய படத்தில் அது இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சனத்தோடு தீவுப் பக்கம் தவக்கால யாத்திரை போனோம். பஸ் கோட்டையடி ஆமிச் சென்றியில் சோதனைக்கு நின்றது. எல்லாரையும் இறங்கி நடந்து அங்கால் போய் ஏறச் சொன்னார்கள். கோட்டைக்குக் கிட்ட நான் போய்ப் பன்னிரண்டு வருசம். உங்கள் படம் செபப்புத்தகத்துக்குள் இருந்தது. எடுத்தேன். நான் நின்ற இடம் அநேகமாய் உங்கள் 'அ'.

அங்கே நின்று பார்த்தேன். மதில் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

சனத்தோடு சனமாய் மெல்ல நடந்தேன். பத்து அடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். மதில். உடைந்த இடத்திலும் மதில்தான், மூன்று ஆள் உயரம். அது முடிந்து அந்தப் பக்கத்துக் கடல் தெரிகிற இடத்துக்கு வந்தபோது நான் உங்கள் 'ஆ'வுக்கே வந்துவிட்டேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் 'அ' தெரியவில்லை.

"என்னம்மா தேடுறியள்?" என்று அனோஜினி கேட்டாள்.

"ஒண்டுமில்லை, வெயில் கண்ணுக்குள்ளை அடிக்குது" என்றேன்.

நீங்கள் கடலோடு வளர்ந்தவர். இந்தக் கரையில் எங்கே நின்றால் எது தெரியும் என்று உங்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. குருவிக்குத்தான் ரெண்டு பக்கமும் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து பிஸ்கற் ரின்னைத் திறந்தேன். உங்கள் கடிதமெல்லாம் அதற்குள் இருக்கிறது. தொண்ணூற்றைந்தில் ஊரோடு ஓடும்போதும் அதைத்தான் முதலில் எடுத்தேன். எல்லாவற்றையும் வரிசையாய் வைத்து வாசித்தேன். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கடிதத்தில், பிடிபட்ட அன்று அவர் நீலச் சேட் போட்டிருந்தார். தொண்ணூற்றாறில் வெறும் மேல். கையை உயர்த்தினது தொண்ணூற்றெட்டில்தான் முதன்முதல் வருகிறது. முந்தியும் இதெல்லாம் என் கண்ணில் பட்டதுதான். பட்டும் படாத மாதிரி இருந்தேன். எனக்கு அது தேவையாய் இருந்தது.

உங்களைக் குற்றம் பிடிக்க இதை எழுதவில்லை. பாஸ்காவுக்கு ஒரு மாதம் இருக்கிறது. நான் ஒரு சொல்லைப் போட வேண்டும் அல்லது விட வேண்டும். நீங்கள் கண்டது என்ன?

செல்வமலர்


மொன்ட்ரியால்
09.04.2003

மச்சாள்,

உம்மட கடிதம் வந்து நாலு நாள். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் பகிடி வந்துவிட்டது. கை அப்படிப் பழகிவிட்டது.

நீர் பார்த்தது சரி. அங்கே நின்றால் மதில்தான் தெரியும். நான் அங்கே நிற்கவில்லை. நேவிக்காரரின் போட் வரவில்லை. எமிலி ஒருத்தரோடும் போகவில்லை.

என் எஞ்சினால் வந்தது. அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம் ஊர் முழுக்க வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது உமக்குத் தெரியும். கோட்டைக்குள் ஆமி, வெளியே இயக்கப் பெடியள், மேலே பிளேன். என் வள்ளம் கோட்டைக்கும் ஊருக்கும் நடுவில் கரையில் கிடந்தது, எஞ்சினும் அதிலேயே. ரெண்டு வருசம் கூலிக்குப் போய் வாங்கின எஞ்சின். எடுத்துக்கொண்டு வருவோம் என்று எமிலியைக் கூப்பிட்டேன்.

"விடு மச்சான், அதை ஒருத்தரும் தூக்கமாட்டினம். மலர் பார்த்துக்கொண்டு நிக்கப்போறாள்" என்றான்.

"பயமெண்டால் போய் மலரின்ர சீலைக்குள்ளை ஒளி" என்றேன்.

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டு வந்தான். வந்திருக்கமாட்டான் மச்சாள், நான் அப்படி நெளித்துப் பகிடி பண்ணாமல் இருந்திருந்தால்.

எஞ்சினைக் கழற்றி ரெண்டு பேருமாய்த் தூக்கினோம். முன்னுக்கு நான், பின்னுக்கு அவன். ஐம்பது அடி வந்திருப்போம். ஷெல் விழுந்தது. தோளில் பாரம் ஒரு பக்கமாய்ச் சரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவனுக்கு வயிற்றில் பட்டிருந்தது. அது பிழைக்கிற காயமில்லை. மீன் வெட்டுகிறவன் நான், எனக்குத் தெரியும். ஆனால் உயிர் இருந்தது. அடுத்தது விழுந்தது. நான் ஓடினேன். பின்னாலிருந்து ரெண்டு தரம் கூப்பிட்டான். நிற்கவில்லை.

கோயில் முற்றத்தில் நீர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றீர். ட்ராக்டர் ஸ்ராட் பண்ணியிருந்தது. "அவர் வராமல் ஏறமாட்டன்" என்றீர். சாரத்தில் ரத்தம் என்று கேட்டீர், மட்டி வெட்டினது என்றேன். பிளேன் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. "பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், உயிரோடைதான், ரெண்டு நாளிலை விட்டிடுவாங்கள், நீர் ஏறும்" என்றேன். ஏறினீர்.

ட்ராக்டர் ஊரைத் தாண்டினதும் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு சாவகச்சேரியில் சொல்லலாம் என்று. அங்கே நீர் காய்ச்சலாய்க் கிடந்தீர். மூன்றாம் நாள் நான் தனியே திரும்பிப் போனேன். அந்தக் கரையில் பொம்பர் குண்டு போட்டிருந்தது. தூக்க ஒன்றும் இல்லை. பிறகு கனடாவுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்தேன். இங்கே வந்து எழுத இருக்கும்போது உம்மட முதல் கடிதம் வந்தது. 'இன்னும் விவரமாய் எழுதுங்கோ, அவர் எப்படி இருந்தார்?' என்று கேட்டிருந்தீர். அவனுக்கு ஒரு நீலச் சேட் போட்டுவிட்டேன். அடுத்த முறை கேட்டீர். ஒரு கையை உயர்த்திவிட்டேன். நீர் சந்தோசப்பட்டு எழுதுவீர். அதைப் படிக்கும்போது எனக்கே அவன் எங்கேயோ இருக்கிற மாதிரித் தோன்றும்.

அந்த ஒல்லாந்துக்காரன் காணாததைக் கீறினான். அவனில் பிழையில்லை. நான் கண்டிருந்தும் கீறினேன்.

றோசாவுக்கும் நேற்றுத்தான் சொன்னேன். குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'காலஞ்சென்ற' என்று போடும் மச்சாள். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தியே போட்டிருக்க வேண்டியது.

அருமைராசா


குருநகர்
02.05.2003

அருமைராசா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. காட் அச்சுக்குக் கொடுத்தாயிற்று. "அந்தச் சொல்லைச் சின்ன எழுத்திலை போடவோ அக்கா?" என்று இரவிச்சந்திரன் கேட்டார். மற்றதெல்லாம் எந்த அளவோ அதே அளவில் போடச் சொன்னேன்.

போன சனிக்கிழமை அவருக்குப் பூசை ஒப்புக்கொடுத்தோம். வந்த சனத்துக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவதென்று தெரியவில்லை. பாதிப் பேர் கலியாணம் விசாரித்தார்கள், பாதிப் பேர் துக்கம் விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நான் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. வரும் போலவும் இல்லை.

அனோஜினி யார் சொன்னது என்று கேட்டாள். செஞ்சிலுவைக்காரர் என்றேன். உங்களைக் காப்பாற்றச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே மாமா நீங்கள். ஒரே கிழமையில் ரெண்டு பேரை அவளிடமிருந்து எடுக்க முடியவில்லை. இப்போது நானும் என் பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிவிட்டேன். அது எவ்வளவு சுகமாய் வாயிலிருந்து வருகிறது என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு நீங்கள் அப்படிச் சொல்லியிராவிட்டால் நான் ட்ராக்டரில் ஏறியிருக்கமாட்டேன். பின்னேரம் அந்த முற்றத்தில் குண்டு விழுந்ததும் எனக்குத் தெரியும். பிள்ளை இன்றைக்கு இருப்பது அதனால்தான். அதற்கு உங்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ட்ராக்டரால் இறங்கின பிறகு பன்னிரண்டு வருசம் இருக்கிறது. வவுனியாவுக்கும் கொழும்புக்கும் அவரது படத்தைக் கொண்டு அலைந்தேன். ஆமிக் காம்புகளின் வாசலில் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றேன். வீட்டு வாசல் கதவைப் பூட்டாமல் படுத்தேன். நீங்கள் ஒவ்வொரு நத்தாருக்கும் பகிடி எழுதினீர்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் ரெண்டு தரம் கூப்பிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். என்ன சொல்லிக் கூப்பிட்டார்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். கூட்டாமல் எழுதுங்கள். அதன் பிறகு எழுத வேண்டாம்.

செல்வமலர் எமிலியானுஸ்


மொன்ட்ரியால்
24.05.2003

செல்வமலருக்கு,

கேட்டதற்கு மட்டும் எழுதுகிறேன்.

'மலர்' என்று கூப்பிட்டான் என்று எழுதப் பேனை போனது. பிள்ளையின் பேரைச் சொன்னான் என்று எழுதவும் போனது. எழுதினால் நீர் நம்பியிருப்பீர், அல்லது நம்ப விரும்பியிருப்பீர். எழுதவில்லை. சேசுவே என்றும் அவன் சொல்லவில்லை. என் பேரையும் சொல்லவில்லை.

"டேய்" என்றான். அது சத்தமாய்க் கேட்டது.

பிறகு கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தரம், மெல்ல, "டேய்" என்றான்.

நான் கேட்டது அவ்வளவுதான்.

அருமைராசா